தங்கச்சி வீட்டை ஒட்டின பிளாட்

2025 சித்திரையில் ஒரு நாள் இரவு தங்கச்சி போன் செய்தாள். "அக்கா, எங்க வீட்டை ஒட்டின பிளாட்டை விக்கப் போறாங்களாம். ஆறு சென்ட். வெளியாள் கைக்குப் போறதுக்குள்ள நீ பேசி முடிச்சிரு."

அந்த இடம் எனக்குத் தெரியும். அவள் வீட்டு அடுப்படி ஜன்னலைத் திறந்தால் கண்ணில் படுவது அதுதான். நாலு மூலையிலும் சுண்ணாம்பு பூசிய கல், ஓரத்தில் ஒரு வேப்பங்கன்று, மீதியெல்லாம் சீமைக்கருவேலம். அதைத் தாண்டி ஒரு மண்பாதை. பாதையோடு ஐந்து நிமிடம் போனால் அப்பாவின் தென்னந்தோப்பு, தோப்புக்குள் நாங்கள் இரண்டு பேரும் வளர்ந்த வீடு.

உச்சிப்புளி பக்கம் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. பிரப்பன்வலசை, சாத்தக்கோன்வலசை என்று அந்தப் பகுதியில் நிறைய ஊர்ப்பெயர்கள் வலசையில் முடியும். வலசை என்றால் இருந்த இடத்தை விட்டுக் கூட்டமாகப் பெயர்ந்து போவது. எந்தக் காலத்திலோ யாருக்கோ பயந்தோ, பஞ்சத்துக்குத் தப்பியோ வந்து உட்கார்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு, பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி ராமநாதபுரத்தில் வாடகைக்கு இருப்பதற்கு வீட்டில் நான் வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சு கொஞ்சமில்லை.

நாங்கள் இருப்பது அரண்மனைக்கு நடக்கிற தூரத்தில் ஒரு சந்து. கார் நுழையாது. ஆட்டோ நுழையும், திரும்பாது, பின்னாலேயேதான் போக வேண்டும். கீழே வீட்டுக்காரர், மாடியில் நாங்கள். நான் வேலை பார்க்கும் ஆடிட்டர் ஆபீஸ் கேணிக்கரையில். நடந்தே போவேன், நடந்தே வருவேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இதை வெளியே சொல்லும்போதெல்லாம் நீச்சல் தெரியாத மீனவப் பெண்ணைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்க்கிறார்கள்.

எங்கள் சந்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல அதிகம் இல்லை. ஆனால் ஒன்று சொல்வேன். தாளிக்கக் கடுகு போட்ட பிறகு கறிவேப்பிலை இல்லை என்று தெரிந்தால், அடுப்பை அணைத்துவிட்டுப் போய் வாங்கி வந்துவிடலாம். எண்ணெய்ச் சூடு ஆறியிருக்காது. மாவுக்கடை, மெடிக்கல், தையல்காரர், ஜெராக்ஸ், பூக்காரம்மா, மகள் படிக்கும் பள்ளிக்கூடம், பல் டாக்டர், எல்லாம் செருப்பு தேயாத தூரம்.

இப்படி அமைய யாரும் திட்டம் போடவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் கடைசிவாக்கில் கிழவன் சேதுபதி போகலூரிலிருந்து தலைநகரை இங்கே மாற்றிக்கொண்டு வந்து கோட்டை கட்டினார். கோட்டைக்குள் இருந்த ராமலிங்க விலாசம் இன்றும் சுவரோவியங்களோடு நிற்கிறது. தொல்லியல் துறை அதை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறது. கோட்டைச் சுவரும் அகழியும் போய்விட்டன. ஆனால் கோட்டையை நம்பி வளர்ந்த தெருக்களின் அளவு போகவில்லை. அரண்மனையில் வேலை பார்த்தவர்கள், அவர்களுக்குச் சாமான் விற்றவர்கள், சுமை ஏற்றி வந்தவர்கள், எல்லாரும் காலால் போய்வரும் தூரத்தில்தான் குடியிருந்தாக வேண்டும். வண்டிக்காரத் தெரு என்று பெயரிலேயே வண்டி வைத்திருக்கும் தெருவில்கூட இன்று கார் நிறுத்த இடம் கிடைக்காது.

தங்கச்சி இருக்கும் இடத்தின் கணக்கு வேறு. அது நெடுஞ்சாலையை நம்பி வளர்ந்தது. ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகிற வழியெல்லாம் கொடி கட்டிய மனைப்பிரிவுகளைப் பார்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நுழைவு வளைவு, ஒரு 'நகர்'. உள்ளே போனால் முப்பதடி ரோடு, நேர் நேராக. ஆனால் ஒரு நகருக்கும் பக்கத்து நகருக்கும் நடுவில் வழி கிடையாது. தங்கச்சி வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் அடுத்த மனைப்பிரிவில் இருக்கும் மளிகைக்கடையின் பலகை எழுத்துக்கூடப் படிக்க முடியும். ஆனால் அங்கே போக வேண்டுமென்றால் வளைவுக்கு வெளியே வந்து, நெடுஞ்சாலையில் ராமேஸ்வரம் போகிற டூரிஸ்ட் வேன்களுக்கு ஓரமாக நடந்து, மறுபடி அவர்கள் வளைவுக்குள் நுழைய வேண்டும். குறுக்கே போகலாம்தான். கருவேல முள் செருப்பைத் துளைத்து ஏறும்; ஒரு தடவை எனக்கு ஏறியது.

என் கணவர் பிளாட்டை வாங்கிவிடலாம் என்ற கட்சி. அந்த ஏப்ரலில்தான் பாம்பனில் புது ரயில் பாலம் திறந்திருந்தார்கள். 2022 டிசம்பரில் நின்றுபோன ரயில் திரும்ப ராமேஸ்வரம் போக ஆரம்பித்திருந்தது. "பாலம் வந்துருச்சு, இனி அந்த ரூட்ல விலை ஏறத்தான் செய்யும்" என்றார். ஜூலையில் பரமக்குடி - ராமநாதபுரம் நால்வழிச் சாலைக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த செய்தி வந்ததும் புரோக்கரே போன் செய்து வாசித்துக் காட்டினார். அந்தச் சாலை எங்கள் ஊருக்கு எதிர்த்திசையில் இருக்கிறதே என்று கேட்டேன். "அட, ரோடுன்னா ரோடும்மா" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

ஆடி பிறக்கப் போகிறது, ஆடியில் யாரும் பத்திரம் போட மாட்டார்கள், ஆவணியில் அட்வான்ஸ் கொடுத்தால் போதும் என்று ஆனது. யோசிக்க நாள் கிடைத்தது.

உண்மையில் எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. மே லீவில் பத்து நாள் தங்கச்சி வீட்டில் இருந்தோம். காலையில் எழுந்து வாசலுக்கு வந்தால் காற்று கடலிலிருந்து நேரே வரும். தோப்புக் கிணற்றுத் தண்ணீரை அப்படியே மொண்டு குடிக்கலாம். கடலோரத்து மணல் மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால், உப்புக்கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் அத்தனை இனிப்பாக ஊறுகிறது. ராமநாதபுரத்தில் எங்கள் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. காவிரித் தண்ணீர் வருகிற நாளுக்குக் குடங்களை வரிசை கட்டி வைத்திருப்போம், வராத நாளில் குடம் இவ்வளவு என்று விலைக்கு வாங்குவோம். தண்ணீர் ஒன்றுக்காகவே ஊருக்குப் போய்விடலாம் என்று தோன்றிய நாட்கள் உண்டு. மகளும் தங்கச்சி பிள்ளைகளும் அப்பாவோடு மல்லிகைப் பதியன் கட்டு கட்டினார்கள். கட்டுக்கு இத்தனை என்று எண்ணிக் கட்டுவதில் சண்டை போட்டு, அப்பா மூன்று பேருக்கும் ஆளுக்குப் பத்து ரூபாய் கூலி கொடுத்தார்.

அந்தப் பத்து நாளில் ஒரு புதன்கிழமை, சும்மா உட்கார்ந்து தங்கச்சி எத்தனை தடவை ஸ்கூட்டியை எடுக்கிறாள் என்று எண்ணினேன். காலையில் ஆறே முக்காலுக்குப் பால். பிறகு சம்மர் கிளாஸுக்கு மூத்தவனை மெயின் ரோட்டில் வேன் நிற்கும் இடத்தில் விட. வேன் உள்ளே வராது. பதினொரு மணிக்கு ரேஷன். ஒன்றரைக்கு மூத்தவனைக் கூப்பிட்டு வர. சாயங்காலம் சின்னவளைப் பாட்டுக்கு விட, திரும்பக் கூப்பிட. ஏழு மணிக்கு அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது என்று உச்சிப்புளிக்கு. அதோடு முடிந்தது என்று குளித்துவிட்டு வந்தால், நாளைக்கு இட்லிக்கு உளுந்து இல்லை. எட்டு தடவை. ஒவ்வொரு தடவையும் நைட்டிக்கு மேல் துப்பட்டா, ஹெல்மெட், கேட், ஸ்டாண்டு.

அவள் அலுத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். "வண்டியை எடுத்தா ஒரு நிமிஷம்க்கா" என்றாள். அவளுக்கு அது பெரிய விஷயமே இல்லை. ஆனால் அன்றைக்கு என் மகள் சாயங்காலம் ஐந்து மணிக்குச் சார்ட் பேப்பர் வேண்டும் என்று கேட்டாள். சித்தப்பா வரட்டும் என்றார்கள். சித்தப்பா எட்டரைக்கு வந்தார். கடை சாத்தியாயிற்று. அவள் ஒன்றும் சொல்லவில்லை, போய்ப் படுத்துவிட்டாள். ராமநாதபுரத்தில் இதே பெண் இரவு எட்டு மணிக்குக் கிராஃப் ஷீட் இல்லை என்று கண்டுபிடித்தால் என்னிடம் காசு மட்டும்தான் கேட்பாள். நாலு நிமிடத்தில் கிராஃப் ஷீட்டும் ஒரு கடலைமிட்டாயும் ஜெராக்ஸ் கடைப் பூனை எத்தனை குட்டி போட்டிருக்கிறது என்ற தகவலும் வந்து சேரும்.

அங்கே உட்கார்ந்துதான் எனக்கு ஒன்று உறைத்தது. பக்கம், பக்கம் என்று எல்லாரும் சொல்கிறோம். அதைக் கிலோமீட்டரில் அளந்தால் தங்கச்சி சொல்வதுதான் சரி. யாரையும் கேட்காமல் யாரால் எங்கே போய்வர முடிகிறது என்று அளந்தால், அந்த வீட்டில் வண்டிச் சாவி வைத்திருந்த இரண்டு பேருக்குத்தான் எல்லாம் பக்கம். அம்மா, அப்பா, மூன்று பிள்ளைகள், நான், ஆறு பேருக்கு எதுவுமே பக்கம் இல்லை. அம்மா நெடுஞ்சாலையைத் தாண்டி அந்தப் பக்கத்து அம்மன் கோயிலுக்குப் போய் எத்தனை வருஷம் ஆயிற்று என்று கேட்டேன். "ரோடு அகலமானதுக்கப்புறம் போகல ஆத்தா. யாராச்சும் கொண்டு போயி விட்டா போவேன்" என்றாள். யாராச்சும் என்பது தங்கச்சிதான். ஒன்பதாவது டிரிப் கேட்க அம்மாவுக்கு மனசு வராது.

ஆடி பாதியில் அப்பா விழுந்தார்.

கிணற்றடியில் பாசி. இரவு ஒன்பது மணி இருக்கும். தங்கச்சி குடும்பத்தோடு அவள் மாமியார் ஊருக்குப் போயிருந்தாள். அம்மா போட்ட சத்தத்தில் தோப்புக்கு அந்தப் பக்கத்து வீட்டுத் தம்பி ஓடி வந்து, அவனுடைய குட்டியானையில் பாயை விரித்து அப்பாவைப் படுக்க வைத்து, பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டான். கிளம்பிய பிறகுதான் எனக்குப் போன் வந்தது. நாங்கள் வீட்டைப் பூட்டி நடந்தே போய் ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். நாங்கள் போய் நின்று வெகு நேரம் கழித்துத்தான் குட்டியானை வந்தது. கணுக்காலில் எலும்பு முறிவு. ஆறு வாரம் கட்டு, காலை ஊன்றக்கூடாது.

அன்றைக்கு ஒரு வார்த்தை தங்கச்சி காதில் விழும்படி சொல்லிவிட்டேன், சொல்லியிருக்கக் கூடாது. "பக்கத்துல இருந்தும் என்ன" என்று ஆரம்பித்து விட்டுவிட்டேன். வருஷம் முழுக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பவள் அவள். ஒரே ஒரு ராத்திரி ஊரில் இல்லை. எனக்கு அன்று கிடைத்தது நல்ல பெயர், அவளுக்குக் கெட்ட பெயர். இரண்டுமே நியாயம் இல்லை.

அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதால் கட்டுப் பிரிக்கிறவரை இரண்டு பேரும் எங்கள் வீட்டில் இருப்பது என்று முடிவானது. மாடி ஏற முடியாதே என்றதும் வீட்டுக்காரர் கீழே முன்னறையைக் காலி செய்து கொடுத்தார். வாடகை கேட்கவில்லை. நானாகக் கேட்டதற்கு, "காலு சரியாகட்டும், பேசுவோம்" என்றார். இன்றுவரை பேசவில்லை.

அப்பாவுக்கு அந்த ஆறு வாரமும் ஜெயில். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். "காத்தே இல்லையே" என்று தினமும் சொல்வார். தென்னைக்குத் தண்ணீர் பாய்ந்ததா, பதியனுக்கு நிழல் வலை விழுந்துவிட்டதா என்று பக்கத்து வீட்டுத் தம்பிக்கு நாளைக்கு நாலு போன். இரண்டாவது வாரம் சந்தில் சாக்கடை மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கியது. மூன்று நாள் நாற்றம். "இதுக்குத்தான் வாடகை குடுக்குறியாக்கும்" என்று கேட்டார். பதில் இல்லை என்னிடம்.

அம்மா கதை வேறு. முதல் வாரம் வாசலைத் தாண்டவில்லை. இரண்டாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை நான் ஆபீஸிலிருந்து வரும்போது அம்மாவைக் காணோம். அப்பாவுக்கும் தெரியவில்லை. சந்து முனை வரை ஓடினேன். எதிரே நெற்றி நிறையத் திருநீறோடு வருகிறாள். வழிவிடு முருகன் கோயிலுக்குப் போய் வந்தாளாம். எப்படிப் போனாய் என்றேன். "கேட்டுக் கேட்டுத்தான். வாயிருக்குல்ல?" என்றாள்.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. காலையில் வெயிலுக்கு முன்னால் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. காய் வாங்கப் பையை எடுத்துக்கொண்டு போய் வெறும் பையோடு ஒரு மணி நேரம் கழித்து வருவாள். பேசிக்கொண்டிருந்ததில் வாங்க மறந்துவிட்டதாம். மீன்கார அக்காவுக்குப் புதுமடம் என்பதை நான் ஆறு வருஷத்தில் கேட்டதில்லை. அம்மா ஒரே நாளில் ஊரைக் கேட்டு, உறவு முறை கண்டுபிடித்து, "என்ன மதினி, நேத்து நகரை மீனுன்னு ஐஸ் போட்டதத் தலையில கட்டிட்டியே" என்று சண்டையும் போட்டுவிட்டாள். மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுக்குச் செவுளைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் மீன் வந்தது. தடைக்காலம் ஜூன் பதினாலோடு முடிந்து போட்டெல்லாம் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். கணவாயும் இறாலும் கூடை நிறைய இருந்தது. மூன்றாவது வாரம் காய்க்கடைக்காரர் என்னைப் பார்த்து, "நீங்க அம்மாவோட மகளா? சொல்லவே இல்ல" என்றார். ஆறு வருஷமாக அவரிடம் தக்காளி வாங்குகிறேன்.

அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. ஊரில் எல்லாரும் சொந்தம். ஆனாலும் தனியாக ஒரு இடத்துக்குப் போய், தனியாகத் திரும்பி, போன கதையை வந்து சொல்கிற சுகத்தை எத்தனை வருஷம் கழித்து அனுபவித்தாளோ. முழங்கால் வலி அதிகமாகத்தான் ஆனது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு மறுநாளும் கிளம்பினாள்.

ஆவணி பிறந்தது. புரோக்கர் போன் செய்தார். கணவர் என் முகத்தைப் பார்த்தார். கடன் வாங்கினால் இருபது வருஷம். மகள் அடுத்த வருஷம் எட்டாவது. நான் ஆபீஸுக்கு எப்படி வருவது என்று கேட்டேன். பஸ் இருக்கிறதே என்றார். இருக்கிறதுதான். வளைவு வரை நடந்து, ரோட்டைத் தாண்டி, பஸ் வந்து, இறங்கி, மறுபடி நடந்து. இல்லாவிட்டால் நாற்பத்தோரு வயதில் நானும் ஸ்கூட்டி பழக வேண்டும். அப்புறம் தங்கச்சி மாதிரி நாளைக்கு எட்டு தடவை.

பயந்தாங்கொள்ளி என்று சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். சொந்த வீட்டை வேண்டாம் என்று சொல்ல இந்தக் காரணமெல்லாம் பத்தாது என்று எனக்கே அவ்வப்போது தோன்றும். ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். முதலில் அவரிடம், பிறகு தங்கச்சியிடம்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கடை நடக்கிற தூரத்துல இருக்குன்னு, என் வீட்டு வாசல் வேணாம்னுட்டல்ல" என்றாள். ஒன்றரை மாதம் பேசவில்லை. அந்த வாக்கியத்துக்கு நான் குளிக்கும்போதும் நடக்கும்போதும் விதவிதமாகப் பதில் தயார் செய்திருக்கிறேன். ஒன்றையும் அவளிடம் சொன்னதில்லை. பிளாட்டைச் சிங்கப்பூரில் இருக்கும் யாரோ வாங்கினார்கள். கம்பிவேலி போட்டாயிற்று. அவள் அடுப்படி ஜன்னலிலிருந்து இப்போது வேலிதான் தெரிகிறது; வேப்பங்கன்றை வெட்டிவிட்டார்கள்.

அப்பாவுக்குக் கட்டுப் பிரித்த மறுநாளே இரண்டு பேரும் கிளம்பிவிட்டார்கள். அம்மாவை இன்னும் பத்து நாள் இருக்கச் சொன்னேன். "உங்க ஊரு தண்ணியில பருப்பு வேக மாட்டேங்குது" என்றாள். பூக்காரம்மாவிடமும் மீன்கார மதினியிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டு போக அரை மணி நேரம் ஆனது. அப்பா ஆட்டோவில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருந்தார்.

புரட்டாசியில் ஒரு நாள் அம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். அரண்மனைக்குள் இருக்கும் ராஜராஜேஸ்வரி அம்மன் கோயில் நவராத்திரியைப் பார்க்க வேண்டுமாம். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ்ஸில் வந்திருக்கிறாள். ராமேஸ்வரம் வண்டிகள் நாலு வந்தனவாம், ஏறவில்லையாம். "சும்மா கொண்டு வந்து விடுறப்ப காசு எதுக்குக் குடுக்கணும்" என்றாள். தங்கச்சி மெயின் ரோடு வரை கொண்டு வந்து விட்டு, கையைப் பிடித்து ரோட்டைத் தாண்ட வைத்து, பஸ் ஏற்றிவிட்டாளாம். "அவ பேசுறாளா?" என்று கேட்டேன். "உனக்கு மொச்சை குடுத்துவிட்டுருக்கா" என்று பையைத் திறந்தாள்.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் வருகிறாள். எல்லா வாரமும் இல்லை, முழங்காலைப் பொறுத்தது. நான் ஆபீஸில் இருக்கும் நேரத்தில் வந்து, கோயிலுக்குப் போய், காய்க்கடையில் உட்கார்ந்து பேசிவிட்டு, மூன்று மணி பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவாள். என்னைப் பார்க்காமலேகூடப் போவாள். போன வாரம் ஆறு மணிக்கு வரும்போது சந்து முனையிலேயே பூக்காரம்மா நிறுத்தினார். "அம்மா வந்துட்டுப் போயிட்டாங்க. ஒங்க வீட்டுல யாரும் இல்லைன்னு பையைக் கேட்டுல மாட்டிருக்காங்க. மாடு இழுத்துறப் போகுது, போயி எடுங்க."

மாடு இழுக்கத்தான் செய்திருந்தது. கறிவேப்பிலைக் கொத்து பாதி இல்லை. இரண்டு தேங்காயும், தோப்புக் கிணற்றுத் தண்ணீர் நிரப்பிய ரெண்டு லிட்டர் பாட்டிலும் அப்படியே இருந்தன.